டெர்மினல் எஸ்கேப் தொடர்களுக்கான பைத்தான் லைப்ரரி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குமுளியில் ஒரு மலைச்சரக்குக் கடைக்கு ஏலக்காய்க் கணக்கு நிரல் எழுதப் போனேன். அதிலிருந்து தனியாகப் பிரிந்து வந்ததுதான் இந்த லைப்ரரி. டெர்மினலுக்கு, அதாவது எழுத்தை மட்டும் காட்டி நாம் தட்டுவதை வாங்கிக்கொள்ளும் திரைக்கு, அனுப்ப வேண்டிய எஸ்கேப் தொடர்களை இது உருவாக்கித் தரும். டெர்மினலிலிருந்து வருகிறவற்றைப் பிரித்து இன்னதென்று சொல்லும். மலைக்குக் கீழே கம்பம், கூடலூர், போடியிலிருந்தும் மேலே கட்டப்பனை, வண்டிப்பெரியாற்றிலிருந்தும் இதைப் பயன்படுத்துகிறவர்கள் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள். அவற்றுக்கான பதில்கள் இங்கே.

படிக்கும் முன் ஒரு வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். தொடர்களில் வரும் ஆங்கில எழுத்துகளைத் தமிழ் ஒலியிலேயே எழுதியிருக்கிறேன். "எஸ்கேப் [ 31 எம்" என்றால் எஸ்கேப் பைட், சதுர அடைப்புக்குறி, 3, 1, எம் என்ற ஐந்து பைட்டுகள், இடைவெளி படிக்க வசதியாக இருக்கத்தான். பெரிய எழுத்தாக இருந்தால் "பெரிய" என்று சேர்த்துச் சொல்வேன், இல்லாவிட்டால் சின்ன எழுத்து. தொடருக்குள் எண்களைப் பிரிக்க நான் காற்புள்ளி போட்டிருக்கும் இடத்தில் உண்மையில் அனுப்ப வேண்டியது அரைப்புள்ளி (;). லைப்ரரியின் செயற்கூறுகளுக்குத் தமிழ்ப் பெயர்தான். பைத்தான் 3 யூனிகோட் பெயர்களை ஏற்றுக்கொள்வதால் வண்ணம், நகர், அழி, பிரி, அகலம் என்று அப்படியே அழைக்கலாம்.

எஸ்கேப் தொடர் என்றால் என்ன?

டெர்மினலுக்கு நாம் அனுப்புவது எல்லாமே பைட்டுகள். எழுத்தும் கட்டளையும் ஒரே குழாயில்தான் போகின்றன. "இனி வருவது எழுத்தல்ல, கட்டளை" என்று டெர்மினலுக்குத் தெரிய ஓர் அடையாளம் வேண்டும். 27 என்ற எண்ணுள்ள எஸ்கேப் பைட்தான் அந்த அடையாளம். எஸ்கேப் [ 31 எம் என்றால் இனிமேல் சிவப்பில் எழுது, எஸ்கேப் [ 0 எம் என்றால் வழக்கமான நிறத்துக்குத் திரும்பு, எஸ்கேப் [ 5, 10 பெரிய எச் என்றால் ஐந்தாம் வரி, பத்தாம் கட்டத்துக்குப் போ.

டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் 1978-இல் கொண்டுவந்த விடி100 என்ற டெர்மினல் இந்த முறையைப் பரவலாக்கியது. அதற்கு முன்பே, 1976-இல், எக்மா-48 என்ற தரத்தின் முதல் பதிப்பு வந்துவிட்டது. ஐந்தாம் பதிப்பு 1991-இல். இன்று உங்கள் மடிக்கணினியில் ஓடும் டெர்மினல் சன்னலும் அந்தத் தரத்தையும், விடி100 வரிசையில் வந்த கருவிகள் சேர்த்தவற்றையும், எக்ஸ்டெர்ம் நிரல் சேர்த்தவற்றையும்தான் பேசுகிறது.

அண்ணே, வெப் பக்கமாகவே போட்டிருக்கலாமே?

இதை நேரிலும் பலர் கேட்டார்கள். தோட்டத்து ஸ்டோரில் காய் உலர்த்திக்கொண்டிருக்கும்போது கணக்குப் பார்க்க வேண்டும். அங்கே சிக்னல் ஒரு கோடு நின்றால் பெரிய விஷயம். 80 கட்டம், 24 வரி என்ற வழக்கமான திரையில் மொத்தம் 1920 கட்டங்கள். அத்தனையிலும் தமிழ் எழுத்தே இருந்தாலும் கட்டத்துக்கு 3 பைட் என்று வைத்தால் 5760 பைட். மாறிய வரியை மட்டும் திருப்பி அனுப்பினால் நூறு, இருநூறு பைட்டில் வேலை முடிந்துவிடும். எஸ்எஸ்ஹெச் வழியாகக் கடைக் கணினிக்குள் நுழைந்து பச்சைக்காய் எடை, உலர்காய் எடை, லாட் எண், பாக்கி எல்லாவற்றையும் பார்க்கலாம், திருத்தலாம். மழைக்காலத்தில் இதன் அருமை தெரியும்.

கர்சஸ் இருக்கும்போது இது எதற்கு?

கர்சஸ் என்பது டெர்மினல் திரையை வரைந்து காட்டும் பழைய லைப்ரரி. அதன் இன்றைய வடிவமான என்கர்சஸ் அருமையான வேலை. பல்லாண்டாக அதைப் பராமரித்துவரும் தாமஸ் டிக்கிக்கு டெர்மினலைத் தொடுகிற எல்லோருமே கடன்பட்டிருக்கிறோம். பழைய சீரியல் டெர்மினல்கள் உங்களிடம் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்: டெர்மின்ஃபோ என்ற தரவுத்தொகுப்பைப் பார்த்து, எந்தக் கருவிக்கு எந்தத் தொடர் என்று அது தேடி எடுக்கும்.

ஆனால் கர்சஸ் மொத்தத் திரையையும் தன் கையில் எடுத்துக்கொள்ளும். சாதாரணமாக வரி வரியாக அச்சிடும் நிரலில் பாக்கித் தொகையை மட்டும் சிவப்பாக்க வேண்டும் என்றால் அவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை. இன்னொன்று, இன்னொரு நிரலின் வெளியீட்டை வாங்கிப் பிரித்துப் பார்க்கும் வேலை கர்சஸில் இல்லை. இந்த லைப்ரரி அந்த இரண்டு இடங்களுக்காகத்தான்.

எத்தனை நிறம் கிடைக்கும்?

30 முதல் 37 வரை எட்டு நிறங்கள். 90 முதல் 97 வரை அவற்றின் பளிச்சென்ற வடிவங்கள். இந்தப் பதினாறின் சாயலை ஒவ்வொரு டெர்மினலும் தன் விருப்பப்படி வைத்திருக்கும், உங்கள் சிவப்பு அடுத்தவர் திரையில் செங்கல் நிறமாகத் தெரியலாம். அடுத்து 256 நிற அட்டவணை: எஸ்கேப் [ 38, 5, எண் எம். முதல் 16 மேலே சொன்னவை. 16 முதல் 231 வரை ஆறுக்கு ஆறுக்கு ஆறு என்ற வண்ணக் கட்டம். 232 முதல் 255 வரை சாம்பல் நிறப் படிகள். நடுக்கட்டத்தின் எண்ணைக் கண்டுபிடிக்க 16 + 36 × சிவப்பு + 6 × பச்சை + நீலம். ஒவ்வொன்றும் 0 முதல் 5 வரை. நல்ல காயின் பச்சைக்கு நான் 1, 3, 1 எடுத்தேன். 16 + 36 + 18 + 1, ஆக 71.

முழு வண்ணம் வேண்டுமென்றால் எஸ்கேப் [ 38, 2, 95, 175, 95 எம். மேலே சொன்ன 71-இன் அதே பச்சைதான் இது. அரைப்புள்ளிக்குப் பதில் முக்காற்புள்ளி போட்டு எழுதும் வடிவமும் உண்டு, தரத்தின்படி அதுதான் சரி. பார்சர், அதாவது வரும் பைட்டுகளைப் பிரித்து இன்னதென்று சொல்லும் பகுதி, எழுதுகிறவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடக் கூடாது. எஸ்கேப் [ 4 : 3 எம் என்றால் அலை அலையான அடிக்கோடு, எஸ்கேப் [ 4, 3 எம் என்றால் அடிக்கோடும் சாய்வெழுத்தும். லைப்ரரி இரண்டையும் பிரித்தே வைத்துத் தருகிறது.

நோ கலர் என்ற சூழல் மாறியை யாராவது வைத்திருந்தால் வண்ணம்() நிறமே சேர்க்காது. நிறம் கண்ணை உறுத்துகிறது என்று சொல்கிறவர்களும், நிறங்களைப் பிரித்துப் பார்க்க முடியாதவர்களும் இருக்கிறார்கள். பாக்கியைச் சிவப்பில் காட்டினால் பக்கத்தில் "பாக்கி" என்ற சொல்லையும் போடுங்கள்.

தமிழ்ப் பெயரை அச்சிட்டால் வரி மேலே ஏறுகிறது, பாதி எழுத்தைக் காணோம். ஏன்?

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதலாம். லைப்ரரியின் முதல் வடிவத்தில் எனக்கு நேர்ந்ததும் இதுதான்.

எக்மா-48-இல் கட்டளைகளுக்கு இரண்டு வடிவம் உண்டு. ஒன்று எஸ்கேப்பும் ஓர் எழுத்தும் சேர்ந்த இரட்டைப் பைட் வடிவம். மற்றது 128 முதல் 159 வரையுள்ள எண்களில் ஒற்றைப் பைட் வடிவம். எஸ்கேப் [ என்பதற்குச் சமமான ஒற்றைப் பைட் 155. அது எட்டு பிட் எழுத்துத் தரங்கள் இருந்த காலத்து ஏற்பாடு. எல்லா மொழி எழுத்துகளையும் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறை வந்தபோது அதே எண்கள் எழுத்தின் உள்ளுறுப்புகளாக மறுபடி பயன்பட்டன.

யூனிகோடில் தனி எண் உள்ள தமிழ் எழுத்தும் குறியும் (க, புள்ளி, ஐகாரக் குறி போல) ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8-இல் மூன்று பைட். முதல் பைட் எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. மூன்றாவது 128 முதல் 191 வரை எதுவாகவும் இருக்கலாம். அந்த மூன்றாவது பைட்டைத் தனியாகப் பிடுங்கிப் பார்த்தால் என்ன ஆகும் என்று பாருங்கள்.

புள்ளி, அதாவது மெய்யெழுத்தின் மேல் வைக்கும் அந்தப் புள்ளி, 224 175 141. கட்டளைப் பட்டியலில் 141 என்றால் "ஒரு வரி மேலே போ". ஆக ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் கர்சர் ஒரு வரி ஏறும். அ என்ற எழுத்தின் கடைசிப் பைட் 133, "அடுத்த வரிக்குப் போ". ஐகாரக் குறியின் கடைசிப் பைட் 136, "இங்கே ஒரு டேப் நிறுத்தம் வை". ட என்ற எழுத்துக்கு 159: "இனி வருவது ஒரு பயன்பாட்டுக்கான செய்தி, திரையில் காட்டாதே". அந்தச் செய்தி முடிந்தது என்று சொல்லும் பைட் 156. தமிழில் அது ஜ-வின் கடைசிப் பைட்.

என் முதல் வடிவம் பைட் பைட்டாக நேரே கட்டளை தேடியது. 159 வந்தால் 156 அல்லது எஸ்கேப் வரும்வரை எல்லாவற்றையும் விழுங்கியது. அதனால் "குமுளி" ஒழுங்காக வந்தது, அதில் தீங்கு செய்யும் பைட் ஒன்றுமில்லை. "கம்பம்" இரண்டு வரி மேலே ஏறியது, இரண்டு புள்ளி. "போடி", "தேக்கடி", "கட்டப்பனை" எல்லாம் ட வந்த இடத்தில் நின்றுபோயின. பின்னால் வந்த எடையும் தொகையும் சேர்ந்தே மறைந்தன. ஊர்ப் பெயர்ப் பட்டியலில் குமுளிக்காரர்களின் கணக்கு மட்டும் சரியாகத் தெரிந்தது. ஒரு வாரம் எழுத்துரு மேல்தான் சந்தேகப்பட்டேன். கடைசியில் பைட்டுகளை எண்ணாக அச்சிட்டு, கட்டளை அட்டவணையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்த இரவில்தான் புரிந்தது.

சரி, தீர்வு என்ன? எழுத்தை முதலில் எழுத்தாகச் சேர்த்துவிட்டு, அப்புறம்தான் கட்டளை தேட வேண்டும். யூடிஎஃப்-8 பிரிப்பு முதல் படி, கட்டளைப் பிரிப்பு இரண்டாம் படி. வரிசை மாறவே கூடாது. இப்போதுள்ள வடிவம் அப்படித்தான் செய்கிறது. தொடர்களை உருவாக்கும்போதும் எஸ்கேப்பில் தொடங்கும் வடிவத்தை மட்டுமே அனுப்புகிறது, ஒற்றைப் பைட் கட்டளைகளை அனுப்புவதே இல்லை.

லைப்ரரி சரியாக இருந்தும் உங்கள் திரையில் இப்படி நடந்தால், டெர்மினல் யூடிஎஃப்-8 முறையில் இல்லை என்று அர்த்தம். லோக்கேல் என்ற மொழி, எழுத்துமுறை அமைப்பைப் பாருங்கள். எஸ்எஸ்ஹெச் வழியாகப் போகும் கணினியில் அது வேறாக இருப்பது சகஜம்.

மலையாளப் பெயர்களும் எங்கள் பட்டியலில் உண்டு. அவையும் இப்படித்தானா?

அச்சு அசலாக இப்படித்தான். மலையாளச் சந்திரக்கலையின் கடைசிப் பைட்டும் 141. மலையாள ட 159, மலையாள ஜ 156. தெலுங்கில் பார்த்தாலும், தேவநாகரியில் பார்த்தாலும் அதே எண்கள். இது தற்செயல் இல்லை. இந்திய எழுத்துகளுக்கு யூனிகோட் இடம் ஒதுக்கியபோது 1988-ஆம் ஆண்டின் இஸ்கி தரத்தைப் பின்பற்றியது. எல்லா எழுத்துமுறைக்கும் ஒரே அட்டவணை வடிவம், இன்ன ஒலிக்கு இன்ன கட்டம் என்பது இஸ்கியின் ஏற்பாடு. தமிழில் இல்லாத ஒலிகளின் கட்டங்கள் காலியாக விடப்பட்டன. ச-வுக்கும் ஜ-வுக்கும் நடுவே ஓர் எண் காலியாகக் கிடப்பது அதனால்தான். நமக்கு ஒருவகையில் நல்லதாயிற்று. அந்தக் காலி இடத்தின் கடைசிப் பைட் 155, அதாவது எஸ்கேப் [ என்பதன் ஒற்றைப் பைட் வடிவம். மலையாளத்தில் அங்கே ச-வின் மூச்சொலி வடிவம் உட்கார்ந்திருக்கிறது, தவறான பார்சரில் அது கட்டளையாகவே தொடங்கிவிடும்.

எல்லைக்கு இந்தப் பக்கம் சோதித்த நிரலை அந்தப் பக்கமும் சோதியுங்கள். எங்கள் சோதனைத் தொகுப்பில் இரண்டு மொழி ஊர்ப் பெயர்களும் இருக்கின்றன.

பெயருக்கு நேராகத் தொகை வரிசையாக நிற்க மாட்டேன் என்கிறது. இடைவெளி எண்ணிப் போட்டும் கோணுகிறது.

டெர்மினல் என்பது கட்டம் போட்ட நோட்டு. ஒவ்வோர் எழுத்தும் எத்தனை கட்டம் எடுக்கும் என்று நிரலும் டெர்மினலும் ஒரே மாதிரி நினைத்தால்தான் வரிசை நிற்கும். தமிழில் இந்த ஒற்றுமை இல்லை.

"வண்டிப்பெரியாறு" என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். பைத்தானிடம் நீளம் கேட்டால் 15 என்கும், அது குறியெண்களின் கணக்கு. நாம் எண்ணினால் வ, ண், டி, ப், பெ, ரி, யா, று என்று 8 எழுத்து. பல டெர்மினல்கள் இன்னும் பின்பற்றும் பழைய அகல விதிப்படி 13 கட்டம். அந்த விதி, யூனிகோட் "இடம் பிடிக்காத குறி" என்று வகைப்படுத்தியவற்றுக்குப் பூச்சியம் தருகிறது. "இடம் பிடிக்கும் குறி" என்று வகைப்படுத்தியவற்றுக்கு ஒரு கட்டம் தருகிறது. தமிழில் புள்ளியும் ஈகாரக் குறியும் முதல் வகை. ஆ, இ, உ, ஊ, எ, ஏ, ஐ, ஒ, ஓ, ஔ குறிகள் எல்லாம் இரண்டாம் வகை. அதனால் "கி" இரண்டு கட்டம், "கீ" ஒரு கட்டம்! குறிலுக்கு நெடிலைவிட அதிக இடம்.

இதற்கு மேல் ஒன்று. "கொ" என்பதை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் எழுதலாம். திரையில் ஒன்றுபோலத் தெரியும், பழைய விதியில் அகலம் மாறும். வாட்ஸ்அப்பில் வந்த பெயரை அப்படியே ஒட்டினால் எந்த வடிவம் வந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. லைப்ரரி எதையும் அளக்கும் முன் யூனிகோடின் சேர்ப்பு வடிவத்துக்கு மாற்றிக்கொள்கிறது.

புதிய டெர்மினல்கள் சில, நாம் எண்ணுவதுபோல முழு எழுத்தாகவே அளக்கின்றன. எஸ்கேப் [ ? 2027 எச் என்று கேட்டால் அந்த முறைக்கு மாறும் டெர்மினல்களும் உண்டு. அதிலும் "க்ஷ" தமிழில் இரண்டாகத்தான் எண்ணப்படும். லக்ஷ்மி என்ற பெயர் நம் பக்கம் நிறைய என்பதால் சொல்லி வைக்கிறேன்.

இவ்வளவு குழப்பத்தில் நிரல் தானாகக் கணக்குப் போட்டு இடைவெளி நிரப்புவது நம்பகமானது இல்லை. என் பரிந்துரை: இடைவெளியே போடாதீர்கள். பெயரை அச்சிட்டபின் எஸ்கேப் [ 40 பெரிய ஜி அனுப்புங்கள், அதே வரியில் நாற்பதாம் கட்டத்துக்குக் கர்சர் நேராகப் போய்விடும், பெயர் எவ்வளவு இடம் எடுத்திருந்தாலும். அங்கிருந்து எஸ்கேப் [ பெரிய கே அனுப்பி வரியின் மிச்சத்தை அழித்துவிட்டுத் தொகையை எழுதுங்கள். லைப்ரரியில் நகர்(நிரல்=40) என்பதும் அழி(வரி_முடிவு) என்பதும் இவைதான் (இங்கே நிரல் என்றால் கட்டத்தின் எண்). பேரேட்டில் கோடு போட்டு எழுதுவதுபோலத் தொகை எல்லாம் நேராக நிற்கும்.

அகலம் தெரிந்தே ஆக வேண்டும் என்ற இடங்களும் உண்டு: நீளப் பெயரை வெட்ட, பெட்டிக்குள் நடுவில் வைக்க. அப்போது டெர்மினலையே கேட்பதுதான் ஒரே உறுதியான வழி. பெயரை அச்சிட்டுவிட்டு "கர்சர் எங்கே இருக்கிறது" என்று கேட்டால் வரியும் கட்டமும் பதிலாக வரும். அகலம்(பெயர், கேள்=ஆம்) இதைச் செய்து விடையை நினைவில் வைத்துக்கொள்ளும், அதே பெயருக்கு மறுமுறை கேட்காது.

கொம்பு இடம் மாறித் தெரிவது, எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவது போன்றவை டெர்மினலின் எழுத்து வரையும் பகுதியைச் சார்ந்தவை. அதில் லைப்ரரி எதுவும் செய்ய முடியாது. வேறு டெர்மினலில் ஓட்டிப் பாருங்கள்.

ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எழுத்துகளைத் தேடும் வடிவ விதி) போதாதா? பார்சர் எதற்கு?

"எஸ்கேப், அடைப்புக்குறி, எண்கள், எம்" என்று ஒரு வரியில் எழுதிவிடலாம், நிறத்துக்கு மட்டும் அது வேலை செய்யும். ஆனால் இணைப்பு முகவரி தரும் தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். அது எஸ்கேப் ] 8 என்று தொடங்கும், அப்புறம் முழு முகவரியும் வரும், 7 என்ற பைட்டிலோ எஸ்கேப் பின்சாய்கோட்டிலோ முடியும். அந்த ஒற்றை வரி இதைக் கண்டுகொள்ளாது. முகவரி முழுவதும் பெயரோடு ஒட்டிக்கொண்டு திரைக்கு வரும்.

அதைவிடப் பெரிய பிரச்சினை, பைட்டுகள் துண்டு துண்டாக வருவது. எஸ்கேப் [ 3 வரை ஒரு தடவையும், 1 எம் அடுத்த தடவையும் வரலாம். மூன்று பைட் தமிழ் எழுத்தின் இரண்டு பைட் மட்டும் வந்து நிற்கலாம். எங்கே விட்டோம் என்று நினைவு வைத்துக்கொள்ளும் நிலை இயந்திரம்தான் இதற்குச் சரி. விடி டெர்மினல்களின் நடத்தையை ஆராய்ந்து பால் வில்லியம்ஸ் வரைந்த 14 நிலைகள் கொண்ட படம் இருக்கிறது. உலகில் பல பார்சர்கள் அதைத்தான் அடிப்படையாக வைத்திருக்கின்றன, இதுவும்தான். அதன் முன்னால் யூடிஎஃப்-8 பிரிப்பைச் சேர்த்திருக்கிறேன். தெரியாத கட்டளை வந்தால் அதை முழுதாக வாசித்து "தெரியாதது" என்று பெயரிட்டுத் தரும், பாதியில் எழுத்தாக மாற்றிக் கொட்டாது.

எஸ்கேப் விசையை அழுத்தினால் தாமதம், சில நேரம் அம்புக்குறி அழுத்தினால் குப்பை எழுத்து. ஏன்?

மேல் அம்புக்குறியை அழுத்தினால் எஸ்கேப் [ பெரிய ஏ வரும். எஸ்கேப் விசையைத் தனியாக அழுத்தினால் வெறும் எஸ்கேப் வரும். முதல் பைட்டைப் பார்த்தவுடன் இது எது என்று சொல்ல முடியாது, கொஞ்சம் காத்திருந்துதான் பார்க்க வேண்டும். என்கர்சஸ் இதற்காக வழக்கமாக 1000 மில்லிநொடி வரை காத்திருக்கும். இந்த லைப்ரரி 100.

கடைக்குள் உட்கார்ந்து தட்டினால் 100 தாராளம். லோயர் கேம்ப்பிலிருந்து மலை ஏறும் பேருந்தில் உட்கார்ந்து எஸ்எஸ்ஹெச்சில் இருந்தால், எஸ்கேப்பும் அடைப்புக்குறியும் வெவ்வேறு வளைவில் வந்து சேரும். அப்போது பொறுமை() என்ற அமைப்பை 500-க்கு உயர்த்துங்கள். கிட்டி என்ற டெர்மினல் கொண்டுவந்த விசைப்பலகை முறையை ஆதரிக்கும் டெர்மினலாக இருந்தால் கவலையே இல்லை, அங்கே எஸ்கேப் விசை எஸ்கேப் [ 27 யு என்று முழுத் தொடராக வரும்.

இதோடு சேர்ந்த இன்னொன்று: ஷிஃப்டோடு எஃப்3 அழுத்தினால் வரும் தொடரும், "கர்சர் முதல் வரி, இரண்டாம் கட்டத்தில்" என்ற பதிலும் ஒரே பைட்டுகள். இரண்டுமே எஸ்கேப் [ 1, 2 பெரிய ஆர். அதனால் லைப்ரரி கர்சர் இடத்தைக் கேட்கும்போது கேள்விக்குறி சேர்ந்த வடிவத்தில், எஸ்கேப் [ ? 6 என் என்று கேட்கிறது. பதிலிலும் கேள்விக்குறி இருக்கும், குழப்பம் வராது.

நிரல் பாதியில் செத்தபின் கர்சர் காணோம், தட்டுவது தெரியவில்லை.

ஷெல்லில், அதாவது கட்டளை தட்டும் இடத்தில், ரீசெட் என்ற கட்டளையைக் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் தட்டி என்டர் அழுத்துங்கள், சரியாகிவிடும். இனி வராமலிருக்க, திரை() என்பதை பைத்தானின் வித் தொகுதிக்குள் பயன்படுத்துங்கள். கர்சரை மறைத்தல், மாற்றுத் திரைக்குப் போதல் போன்றவற்றை நிரல் எப்படி முடிந்தாலும் திருப்பி வைத்துவிட்டுத்தான் வெளியேறும். மின்சாரம் போனால் அதற்கு வழியில்லை.

கோப்பில் சேமித்தால் எண்ணும் எம்-மும் கலந்து குப்பையாக இருக்கிறது.

வெளியீடு டெர்மினலுக்குப் போகிறதா, கோப்புக்குப் போகிறதா என்று லைப்ரரி பார்த்துக்கொண்டு, கோப்பு என்றால் தொடர்களைச் சேர்க்காது. நீங்கள் வலுக்கட்டாயமாகச் சேர்க்கச் சொல்லியிருந்தால் மட்டும் வரும். ஏற்கனவே குப்பை சேர்ந்த கோப்பை கழுவு() சுத்தம் செய்யும்.

மற்றவர்கள் அனுப்பும் பட்டியலைக் காட்டுவதில் ஆபத்து உண்டா?

உண்டு, இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். விவசாயி பெயர் என்ற இடத்தில் எஸ்கேப் பைட் ஒளிந்திருந்தால், அதை அச்சிடும்போது உங்கள் டெர்மினல் அந்தக் கட்டளையை நிறைவேற்றும். தொகையை அழித்துவிட்டு வேறு தொகையை அதே இடத்தில் எழுதிக் காட்டலாம். எஸ்கேப் ] 52 என்று தொடங்கும் தொடர், அனுமதிக்கும் டெர்மினல்களில், உங்கள் கிளிப்போர்டில் எதையும் வைத்துவிடும். சன்னல் தலைப்பை மாற்றிவிட்டு, பின் அந்தத் தலைப்பைத் திருப்பிச் சொல்லக் கேட்டால், நீங்களே தட்டியதுபோல அது ஷெல்லுக்குள் வந்து விழும். 2003-இல் ஹெச்.டி. மூர் இந்த வகை ஓட்டைகளை விரிவாக எழுதினார். பல டெர்மினல்கள் அதன்பின் தலைப்பைத் திருப்பிச் சொல்வதை நிறுத்திவிட்டன.

வெளியிலிருந்து வந்த எந்தச் சொல்லையும் காட்டு() வழியாகவே அச்சிடுங்கள். அது கட்டுப்பாட்டுப் பைட்டுகளைக் கண்ணுக்குத் தெரியும் குறிகளாக மாற்றிவிடும். கழுவு() போதாதா என்று கேட்பார்கள். கழுவினால் ஒளிந்திருந்தது சத்தமில்லாமல் போய்விடும். கணக்குப் பார்க்கிறவருக்கு அங்கே ஏதோ இருந்தது என்று தெரிய வேண்டும்.

விண்டோஸில் ஓடுமா?

விண்டோஸ் 10 முதல் ஓடும். பழைய கன்சோல் சன்னலில் எஸ்கேப் தொடர்களை வாசிக்கச் சொல்லும் ஓர் அமைப்பை இயக்க வேண்டும், லைப்ரரியே இயக்கிக்கொள்ளும். விண்டோஸ் 7 வைத்திருக்கும் கடைகள் இன்னும் உண்டு. அங்கே நிறமில்லாமல் மட்டும்தான்.

மவுஸ்?

எஸ்கேப் [ ? 1000 எச், கூடவே எஸ்கேப் [ ? 1006 எச். சொடுக்கிய வரியும் கட்டமும் எண்ணாக வரும். பார்சர் பிரித்துத் தரும். கடையில் யாரும் மவுஸைத் தொடுவதில்லை, அதனால் அதிகம் சோதிக்கவில்லை.

பிழை கண்டால் என்ன அனுப்ப வேண்டும்?

திரையின் படம் மட்டும் போதாது. படத்தில் பைட்டுகள் தெரியாது. லினக்ஸில் ஸ்கிரிப்ட் என்ற கட்டளை, திரைக்கு வந்த எல்லாவற்றையும் ஒரு கோப்பில் பதிவுசெய்யும். அதை ஓட்டி, பிழையை ஒருமுறை வரவைத்து, வெளியேறி, அந்தக் கோப்பை அனுப்புங்கள். கணக்கில் உண்மையான ஆட்களின் பெயரும் தொகையும் இருந்தால் மாற்றிவிடுங்கள். ஆனால் மாற்றிய பெயரிலும் அதே பிழை வருகிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்; ட இருந்த இடத்தில் ட இல்லாமல் போனால் பிழையும் போய்விடும். எந்த டெர்மினல், டெர்ம் என்ற சூழல் மாறியில் என்ன இருக்கிறது, எஸ்எஸ்ஹெச் வழியா நேரடியா என்பதையும் எழுதுங்கள். மலையாளத்தில் எழுதினாலும் சரி, படித்துக்கொள்வேன்.